நொண்டும் கம்ப்யூட்டர்: குற்றவாளி யார்?

ஒரு தையல்காரர். அவருக்கு ஒரே மகள். கல்லூரியில் கடைசி ஆண்டு படிக்கிறாள்.

வீட்டில் ஒரு லேப்டாப் கம்ப்யூட்டர் இருந்தது. வாங்கி 5 ஆண்டு ஆகிவிட்டது. ஆனாலும் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் அதன் சார்ஜர் வயர் கழுத்தோரம் அறுந்துபோயிற்று. தையல்காரர் கடைத்தெருவுக்குப் போனார். மலிவாக ஒரு சார்ஜர் கிடைத்தது. முனை பொருந்துகிறதா என்று பார்த்தார். பொருந்தியது. வாங்கி வந்துவிட்டார்.

மறுநாள் காலை மகள் கத்தினாள்.

"அப்பா! கம்ப்யூட்டர் நகரவே மாட்டேன் என்கிறது!"

வாஸ்தவம்தான். ஓர் எழுத்தைத் தட்டினால், அது திரையில் தெரிவதற்குள் அடுத்த எழுத்து மறந்துவிடும் போல் இருந்தது. திங்கட்கிழமை அவள் கல்லூரியில் புராஜெக்ட் கொடுக்க வேண்டும். அன்று சனிக்கிழமை.

கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினார்கள். கடைக்காரர் 2 நிமிஷம் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"மதர்போர்டு போய்விட்டது, அண்ணே. 9 ஆயிரம் ரூபாய் ஆகும். வேண்டுமானால் முதலில் பார்மட் பண்ணிப் பார்க்கலாம். ஆனால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும்."

9 ஆயிரம் ரூபாய்! அதற்கு எத்தனை ரவிக்கை தைக்க வேண்டும்? புராஜெக்டும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. மகள் அழுதேவிட்டாள்.

இந்தத் தையல்காரர் கற்பனை ஆள். அவருக்கு வந்த தொல்லை கற்பனை அல்ல. வீட்டுக்கு வீடு நடப்பதுதான். ஒருவர் சார்ஜரை மாற்றுகிறார். ஒருவர் புது டிஸ்க் போடுகிறார். இன்னொருவர் ரேம் சேர்க்கிறார். வேகம் கூடும் என்று காசைக் கொட்டுகிறார்கள். வேகம் குறைந்து நிற்கிறது. உடனே புதுச் சாமான் மட்டம் என்று ஒருவர் சொல்கிறார். கம்ப்யூட்டரே கிழடு, தூக்கிப் போடு என்று இன்னொருவர் சொல்கிறார். இரண்டும் பெரும்பாலும் தப்பு.

கேட்காத கேள்வி

தையல்காரர் இன்னொரு கடைக்குப் போனார். அங்கே இருந்த மெக்கானிக் சின்னப் பையன். அவன் கம்ப்யூட்டரைத் திறக்கவில்லை. திருகாணியைத் தொடவும் இல்லை. ஒரு கேள்வி கேட்டான்.

"கடைசியாக எதை மாற்றினீர்கள், அண்ணே?"

"எதையும் மாற்றவில்லையே, தம்பி. சார்ஜர்தான் புதுசு."

பையன் சார்ஜரைப் பிடுங்கினான். பேட்டரியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கம்ப்யூட்டர் குதிரை போல் ஓடியது! சார்ஜரைச் செருகினான். மறுபடி நொண்டியது. தன் மேஜையில் இருந்த வேறொரு சார்ஜரைச் செருகினான். மறுபடி ஓட்டம்!

மதர்போர்டுக்கு ஒரு கேடும் இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது தையல்காரரின் பதில். சார்ஜரை அவர் கம்ப்யூட்டரின் உறுப்பாக நினைக்கவே இல்லை. வெளியே தொங்குகிற வயர்தானே என்று நினைத்தார். நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

சார்ஜர் பேசுமா?

பேசும்! பல கம்பெனிகளின் லேப்டாப் சார்ஜரில், முனைக்கு நடுவே ஊசி போல ஒரு மெல்லிய கம்பி இருக்கும். கம்ப்யூட்டரை ஓட்டும் மின்சாரம் அதன் வழியாகப் போவதில்லை. "இது 65 வாட் சார்ஜர்" என்ற சேதி மட்டும்தான் அதன் வழியாகக் கம்ப்யூட்டருக்குப் போகிறது. இப்போது வரும் சி-டைப் சார்ஜர்களும் கம்ப்யூட்டருடன் இப்படிப் பேசித்தான் எவ்வளவு மின்சாரம் கொடுப்பது என்று முடிவு செய்கின்றன.

சேதி வரவில்லை என்றால்? அல்லது 65 வாட் வேண்டிய இடத்தில் 45 வாட் வந்தால்?

பல லேப்டாப்புகள் உடனே அடக்கி வாசிக்க ஆரம்பித்துவிடும். கிடைக்கிற மின்சாரத்தில் காலம் தள்ள வேண்டுமே! நொடிக்கு 240 கோடி தடவை துடிக்க வேண்டிய பிராசசர், 80 கோடிக்கு இறங்கிவிடும். சில சமயம் 40 கோடிக்கும் இறங்கும். பேட்டரி செத்துப்போனாலும் சில லேப்டாப்புகள் இப்படிச் செய்வது உண்டு. இது நோய் அல்ல. அரை வயிற்றுச் சாப்பாட்டில் மெல்ல நடக்கிறது, அவ்வளவுதான்.

இதைக் கண்டுபிடிக்க இன்ஜினியர் வேண்டாம். விண்டோஸ் கம்ப்யூட்டரில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்ற 3 பொத்தான்களையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் என்ற பலகை வரும். அதில் பெர்பார்மன்ஸ் என்ற பக்கத்தில் பிராசசரின் வேகம் எழுதியிருக்கும். 2.4 என்று இருக்க வேண்டிய இடத்தில், வேலை கொடுத்த பிறகும் 0.79 என்றே நின்றால், விஷயம் வெட்டவெளிச்சம். காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் போல, கம்ப்யூட்டருக்கு இந்தப் பலகை. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகூட இதைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

எஸ்.எஸ்.டி. போட்டும் பலன் இல்லையே!

தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான வீடுகளுக்கு முதல் கம்ப்யூட்டர் அரசாங்கம் கொடுத்ததுதான். 2011-ம் ஆண்டு பிளஸ்-2 மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கும் திட்டம் தொடங்கியது. அப்படி வந்த கம்ப்யூட்டரைப் பழுது பார்த்துப் பார்த்து ஓட்டிய வீடுகள் ஏராளம். புதிது வாங்குவதைவிட ஓர் உறுப்பை மாற்றுவது மலிவு என்று அந்த வீடுகளுக்குத் தெரியும். அது நல்ல பழக்கமும்கூட.

அப்படி மாற்றுகிறவற்றில் மிகுந்த பலன் தருவது எஸ்.எஸ்.டி. பழைய ஹார்டு டிஸ்க் கிராமபோன் தட்டு மாதிரி. உள்ளே தட்டு சுற்றும். லேப்டாப் டிஸ்க் பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5,400 சுற்று, அதாவது நொடிக்கு 90 சுற்று சுற்றும். கேட்ட விவரம் ஊசிக்குக் கீழே வருகிறவரை கம்ப்யூட்டர் காத்திருக்க வேண்டும். எஸ்.எஸ்.டி.யில் சுற்றும் தட்டு இல்லை. காத்திருப்பதும் இல்லை. ஹார்டு டிஸ்க் ஒரு சின்ன விவரத்தை எடுப்பதற்குள், எஸ்.எஸ்.டி. அப்படி நூறு விவரங்களை எடுத்துவிடும்.

அப்படி இருந்தும் சில வீடுகளில் எஸ்.எஸ்.டி. போட்ட பிறகும் பழைய ஆமை வேகம்தான். ஏன்?

பெரும்பாலும் காரணம் சிரிப்பை வரவழைக்கும். புது எஸ்.எஸ்.டி. உள்ளே சும்மா உட்கார்ந்திருக்கும். விண்டோஸ் பழைய ஹார்டு டிஸ்கில் இருந்தே கிளம்பிக்கொண்டிருக்கும்! புது வீடு கட்டிவிட்டு, பழைய குடிசையிலேயே படுத்துத் தூங்குவது மாதிரி. அதே டாஸ்க் மேனேஜர் பலகையில் டிஸ்க் பகுதியைப் பார்த்தால், எந்த டிஸ்க் "சிஸ்டம் டிஸ்க்" என்று எழுதியிருக்கும். எஸ்.எஸ்.டி.க்கு எதிரே அது இல்லையென்றால், விண்டோஸை அதற்கு மாற்ற வேண்டும். புதுச் சாமான் வாங்க வேண்டியது இல்லை.

இன்னொரு தந்திரக் குற்றவாளியும் உண்டு. பழைய ஹார்டு டிஸ்கை வீணாக்காமல், படம் வைத்துக்கொள்ளலாம் என்று இரண்டாவது டிஸ்காகப் பக்கத்திலேயே பொருத்துகிறார்கள். சிக்கனம்தான். ஆனால் அந்த டிஸ்க் சாகப்போகிற டிஸ்காக இருந்தால், அது முனகும்போதெல்லாம் கம்ப்யூட்டர் முழுவதும் நின்று காத்திருக்கும். பழி புது எஸ்.எஸ்.டி. மேல் விழும். பழைய டிஸ்கைக் கழற்றிவிட்டு ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். அதில் உள்ள கல்யாணப் படங்களை வேறு இடத்தில் பிரதி எடுத்துக்கொள்வதும் அவசரம். முனகுகிற டிஸ்க் அதிக நாள் முனகாது.

எஸ்.எஸ்.டி. போட்ட முதல் நாள் கம்ப்யூட்டர் கொஞ்சம் மந்தமாக இருப்பது இயற்கை. விண்டோஸ் புதுச் செய்திகளை இறக்கிக்கொள்ளும். கோப்புகளுக்கு அட்டவணை போடும். ஒரு நாள் பொறுக்கலாம். ஒரு வாரம் பொறுக்க வேண்டியது இல்லை.

ரேம் சங்கதி

ரேம் என்பது வேலை செய்கிற மேஜை. மேஜை பெரிதானால் வேலை சுளுவாகும். ஆனால் மேஜையை வாசல் வழியாக உள்ளே கொண்டுவர முடியாவிட்டால்?

பழைய கம்ப்யூட்டர்கள் சிலவற்றில் 32 பிட் விண்டோஸ் இருக்கும். வீட்டில் ஓடுகிற அந்த விண்டோஸ் 4 ஜி.பி.க்கு மேல் ரேமைக் கண்ணால் பார்க்காது. 8 ஜி.பி. வாங்கிப் போட்டாலும் பாதி வீண். கடைக்காரர் விற்பதற்கு முன்பே இதைச் சொல்ல வேண்டும். எத்தனை பேர் சொல்கிறார்கள்?

ரேம் சரியாக அழுந்தி உட்காராமல் போவதும் உண்டு. அப்போது 8 ஜி.பி. போட்ட இடத்தில் 4 மட்டும் தெரியும். கம்ப்யூட்டரை அணைத்து, கழற்றி, மறுபடி அழுத்திப் பொருத்தினால் சரியாகிவிடும். இரண்டு வேகத்தில் இரண்டு ரேம் போட்டால், வேகமானது மெதுவானதோடு சேர்ந்து மெதுவாக நடக்கும். இரட்டை மாடு பூட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியது இல்லை. மேஜைக் கம்ப்யூட்டராக இருந்தால் இன்னொன்று. 3,200 என்று அட்டையில் போட்டிருக்கும் ரேம், பயாஸ் என்ற அமைப்பில் ஒரு வரியை மாற்றுகிறவரை 2,133 அல்லது 2,400 வேகத்திலேயே ஓடுவது சகஜம். அது ஏமாற்று அல்ல. கம்ப்யூட்டர் முதலில் பத்திரமான வேகத்தில் கிளம்புகிறது.

2025-ம் ஆண்டின் கடைசி மாதங்களில் ரேம் விலை மளமளவென்று ஏறியது. பெரிய பெரிய கம்பெனிகள் செயற்கை அறிவுக் கம்ப்யூட்டர்களுக்காக ரேம் சில்லுகளை மொத்தமாக வாங்கியதே காரணம். அந்த நேரம் பார்த்து, 2025 அக்டோபர் 14-ந் தேதி விண்டோஸ் 10-க்கான சாதாரண ஆதரவும் முடிந்தது. விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜி.பி. ரேம் வேண்டும். ஆகவே பழைய கம்ப்யூட்டர்களை எல்லாம் திறந்து உறுப்பு மாற்றும் படலம் தொடங்கியது. இந்த நிலையில் நல்ல ரேமைக் கெட்டது என்று நினைத்து இன்னொன்று வாங்குவது தண்டச் செலவு.

சூடு

மூடியைத் திறந்து மூடிய பிறகு கம்ப்யூட்டர் மெதுவானால், சூட்டைச் சந்தேகிக்க வேண்டும். பிராசசர் சுமார் 100 டிகிரியைத் தொட்டால், வெந்துபோகாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். முதல் 5 நிமிஷம் நன்றாக ஓடி, பிறகு நொண்டினால் இதுதான் அடையாளம். ரேம் போடும்போது விசிறியின் வயரைக் கழற்றியவர் மறுபடி செருக மறந்திருப்பார். அல்லது புது விசிறியின் அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே பொருத்தியிருப்பார். கேட்டால் நம்ப முடியாது. ஆனால் கைதேர்ந்தவர்களும் செய்கிற தப்பு இது.

விளையாட்டுப் பிரியர்களுக்கு ஒரு வார்த்தை. புது கிராபிக்ஸ் கார்டு போட்டும் படம் தத்தளித்தால், திரையின் வயர் கார்டில் செருகியிருக்கிறதா, பழைய ஓட்டையில் செருகியிருக்கிறதா என்று பின்பக்கம் குனிந்து பார்த்தால் போதும்.

அமெரிக்காவில் அகப்பட்ட பூச்சி

1947-ம் ஆண்டு செப்டம்பர் 9-ந் தேதி. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் கட்டிய மார்க்-2 என்ற ராட்சத கம்ப்யூட்டர் தகராறு செய்தது. இன்ஜினியர்கள் ஒவ்வொரு பகுதியாகத் தேடினார்கள். கடைசியில் 70-ம் நம்பர் ரிலேயில் ஒரு விட்டில் பூச்சி சிக்கியிருந்தது! அதை எடுத்து, நோட்டுப் புத்தகத்தில் ஒட்டிவைத்தார்கள். பக்கத்தில் மணியையும் எழுதினார்கள். பிற்பகல் 3.45.

அந்த நோட்டு அமெரிக்க தேசிய வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பூச்சியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நோட்டைப் பற்றி யாரும் பேசுவது இல்லை. பூச்சியைப் பிடித்தவர்களிடம் நோட்டு எழுதும் பழக்கம் இருந்தது. என்ன செய்தோம், எப்போது செய்தோம் என்று அவர்கள் எழுதி வந்தார்கள்.

பால் கணக்குக்கு நோட்டு வைத்திருக்கிற வீட்டில், கம்ப்யூட்டருக்கு ஒரு பக்கம் ஒதுக்குவது கஷ்டமா? இன்ன தேதியில் சார்ஜர் மாற்றியது. இன்ன தேதியில் ரேம் போட்டது. இரண்டு வரி போதும். அந்த நோட்டு முதல் கடைக்காரரின் கையில் இருந்திருந்தால், அவருக்கு மதர்போர்டு ஞாபகம் வந்திராது.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு வேண்டும். ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். ரேம், டிஸ்க், விண்டோஸ் மூன்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு, கம்ப்யூட்டர் நொண்டினால் யாரைப் பிடிப்பது? கழற்றிய பழைய உறுப்பையும் ஒரு மாதம் வீட்டில் வைத்திருக்க வேண்டும். அதைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பதைவிட நல்ல பரிசோதனை கிடையாது.

பார்த்ததற்குக் காசா?

கடைக்காரர்களைத் திட்டுவது சுலபம். சிலர் எடுத்தவுடன் பார்மட் பண்ணுகிறார்கள். குற்றவாளி அகப்படுவதற்கு முன்பே தடயத்தை அழிப்பது இது. குடும்பப் படங்களும் பிள்ளைகளின் பாடங்களும் சேர்ந்து அழிகின்றன. பிரதி எடுக்காமல் பார்மட் பண்ணுகிற கடைக்கு இரண்டாவது தடவை போகக்கூடாது. கழற்றிய டிஸ்கைத் திருப்பித் தராத கடைக்கும் அப்படியே. அதில் வீட்டின் ஆதார் நகலும் பேங்க் கணக்கும் இருக்கும்.

ஆனால் வாடிக்கைக்காரர் பக்கமும் ஒரு குறை உண்டு.

ஒரு மெக்கானிக் அரை மணி நேரம் யோசித்து, ஒரு வயரைச் சரியாகச் செருகி, கம்ப்யூட்டரை ஓடவைக்கிறார். 100 ரூபாய் கேட்கிறார். "என்னப்பா, ஒரு சாமானும் போடவில்லை. சும்மா பார்த்ததற்குக் காசா?" என்று சண்டைக்குப் போகிறார்கள்! அதே ஆள் 3 ஆயிரம் ரூபாய்க்கு ஒரு ரேமைத் தலையில் கட்டினால், பேசாமல் கொடுத்துவிட்டு வருகிறார்கள். மூளைக்குக் காசு கிடையாது, சாமானுக்குத்தான் காசு என்றால், கடைக்காரர் சாமானைத்தான் விற்பார். வாடகை கட்ட வேண்டாமா?

டாக்டர் நாடி பார்த்துவிட்டு, மாத்திரை வேண்டாம், வெந்நீர் குடி என்றாலும் பீஸ் கொடுக்கிறார்கள். கம்ப்யூட்டர் கடையிலும் பார்க்கும் கூலி என்று ஒன்று எழுதிப்போட வேண்டும். 100 ரூபாயோ, 200 ரூபாயோ, வெளிப்படையாக இருக்கட்டும். அந்தக் கூலிக்கு ஈடாக, என்ன பார்த்தார், என்ன மாற்றினார், மாற்றிய உறுப்பின் பெயர் என்ன, வேகம் என்ன என்று பில்லில் எழுதித் தர வேண்டும். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் அந்த டாஸ்க் மேனேஜர் பலகையை வாடிக்கைக்காரருக்குக் காட்ட வேண்டும். எல்லாக் கடைகளிலும் இது வழக்கமாகிவிட்டால், நல்ல மதர்போர்டுகள் குப்பைக்குப் போகாது.

தையல்காரர் கதைக்கு வருவோம். பழைய சார்ஜரை அவர் நல்லவேளையாகத் தூக்கி எறியவில்லை. பரண் மேல் கிடந்தது. மகள் எடுத்துப் பார்த்தாள். அடியில் 65 வாட் என்று பொடி எழுத்தில் இருந்தது. புதியதில் 45 வாட். அன்று மாலையே 65 வாட் சார்ஜர், அதே கம்பெனிக்குப் பொருந்துவதாகப் பார்த்து வாங்கினார்கள். ஞாயிறு இரவு புராஜெக்ட் முடிந்தது.

திங்கட்கிழமை தையல்காரர் அந்தப் பையனின் கடைக்குப் போனார். 100 ரூபாயை நீட்டினார்.

"எதற்கு, அண்ணே? நான் ஒன்றும் மாற்றவில்லையே!"

"சட்டை தொளதொள என்கிறது என்று என்னிடம் கொண்டுவருகிறார்கள், தம்பி. எந்தத் தையலைப் பிரிக்க வேண்டும் என்று பார்க்கத்தான் நேரம் ஆகிறது. பிரித்து அடிக்க 5 நிமிஷம். அதற்கு நான் கூலி வாங்கவில்லையா? வாங்கிக்கொள்."

பையன் கூச்சத்தோடு வாங்கிக்கொண்டான். பில் புத்தகத்தை எடுத்தான். கொஞ்சம் யோசித்தான். பிறகு எழுதினான்:

"சார்ஜர் பார்த்தது - ரூ.100."